மரணசாதன வழக்கும் சட்டத்தரணிமீது எழும் ஐயமும்

மரணசாதனம் ஒன்று குடும்பத்தைப் பிளக்கும்போது, உடன்பிறந்தாரை ஐயுறுவதற்கு முன்னரே நம்மவர் ஐயுறுவது அதனை எழுதிய நொத்தாரிசையும் வழக்கை நடத்தும் சட்டத்தரணியையுமே. தவணை இரண்டுமுறை தள்ளிப்போனாற் போதும், ‘அவர் மற்றப் பக்கத்தாரோடு சேர்ந்துவிட்டார்’ என்ற பேச்சு வீட்டுத் திண்ணையிற் பிறந்துவிடும். இவ்வையம் பெரும்பாலும் ஆதாரமற்றது. எனினும் சிலவிடத்து முற்றும் உண்மை. உண்மையாயின் யாது செய்தல் வேண்டும் என்பதை, நம் கல்லூரி ஈன்ற சட்டத்தரணிகள் பலரும் இம்மலரைப் படிப்பர் என்பதை மறவாமலே, ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

ஆங்கில நாட்டிலே கிற்றி வெல்ஸ் என்னும் மணமாகா முதுபெண்மணி 1947ஆம் ஆண்டு இறந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம் ஏறக்குறைய 115,000 பவுண். நம் நாட்டுப் பழைய பிரக்கிராசியாரை ஒத்த நை என்பவரே அவர்தம் மரணசாதனத்தை எழுதியவர். எஞ்சிய சொத்தெல்லாம் அந்த நை என்பவருக்கே என அச்சாதனம் கூறிற்று. அம்மையாரின் உறவினரான விண்டில் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர் வெகுண்டார். 1955இல் நையைத் தந்திரமாக ஓரிடத்திற்கு வரவழைத்து, அவர்தம் காற்சட்டையைக் களைந்து படமும் பிடித்தார். அதனாற் பெற்ற பயன் ஆறுமாதச் சிறைத் தண்டனை. மரணசாதனமோ ஓர் எழுத்தும் மாறாது நின்றது.

பின்னரே அவர் நேரிய வழியைப் பற்றினார். இரு நீதிமன்றங்களிலே தோற்றும் தளராது, சட்டத்தரணி எவருமின்றித் தாமே பிரபுக்கள் சபையில் வாதாடி 1958இல் வென்றார். மரணசாதனத்தை வரைந்தவரே அதனாற் பயன்பெறுவாராயின், நீதிமன்றம் விழிப்போடும் ஐயத்தோடும் நோக்குதல் வேண்டும். ஐயத்தை நீக்கும் பாரம் அச்சாதனத்தை முன்வைப்பவரையே சாரும். இவ்விதி 1838ஆம் ஆண்டிலேயே பிரிவிக் கவுன்சிலிற் கூறப்பட்டது. அம்மையார் தனித்த ஆலோசனை பெற்றிலர் என்பது நை என்பவருக்குப் பெரும் பாதகமாயிற்று. 1838ஆம் ஆண்டு வழக்கிலோ, பயன்பெற்ற சட்டத்தரணியே சாதனத்தை எழுதியிருந்தும், அது செல்லுமென்றே தீர்ப்பாயிற்று. ஐயம் வேறு, நிரூபணம் வேறு.

அவ்விதியை நம் நீதிமன்றங்களும் பின்பற்றுவன. ஆகவே நம்மவர் முதலிற் பிரித்தறிய வேண்டுவன இரண்டு. மரணசாதனம் செல்லுமா என்பது மாவட்ட நீதிமன்றுக்குரிய வினா. சட்டத்தரணி நெறிதவறினாரா என்பது வேறு. முன்னதற்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அடிப்படை: நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடல் வேண்டும், நொத்தாரிசு இல்லையாயின் சாட்சிகள் ஐவர் வேண்டும். இறந்தவர் கையொப்பமிட்ட நாளில் எங்கிருந்தார், எந்நிலையில் இருந்தார், சாட்சிகள் யாவர் என்று உசாவுதல், நொத்தாரிசை வைதலினும் பன்மடங்கு பயன்தரும். சாதனம் ஏற்கப்படுமுன் தடைமனு இடவும் சட்டம் இடமளிக்கின்றது. போலிக் கையொப்பமாயின் அது பொலிசாரிடம் செல்லவேண்டிய குற்றம்.

பின்னதற்கு இடம் உயர் நீதிமன்றம். 1974 முதல் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற வேற்றுமை நீங்கி யாவரும் சட்டத்தரணிகள் ஆயினர். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டப்படி, வஞ்சனையோ தொழில்முறைத் தீயொழுக்கமோ குற்றமோ புரிந்தவரை இடைநிறுத்தவும் பெயர் நீக்கவும் வல்லது அம்மன்றமே. முறைப்பாடு சத்தியக்கடதாசியோடு செல்லல் வேண்டும். வழக்குத் தோற்றமையோ, தவணை தள்ளியமையோ, பேச்சுக் கடுமையோ தீயொழுக்கம் ஆகா. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்குக் காட்டாமை, இருபக்கத்தாருக்கும் ஒருங்கே உழைத்தல், கேளாமலே சமரசத்துக்கு உடன்படல், பத்திரத்தை மறைத்தல் என்பனவே கருதத்தக்கன.

இவற்றை நிறுவுவது காகிதமே. நம்மவரோ பற்றுச்சீட்டுக் கேட்பதை அவமரியாதை எனக் கருதுவர். ‘நம்முடைய மாஸ்ரரின் மகன், அவரிடம் எப்படிக் கேட்பது?’ என்பர். கேட்பதாற் குறைவேதுமில்லை, நேரிய சட்டத்தரணி அதனை வரவேற்பார். பணம் கொடுத்த நாளும் தொகையும், கூறிய ஆலோசனை, கையொப்பமிட்ட தாள்களின் பிரதி யாவற்றையும் ஒரு கோவையில் நாள்வரிசையாக இடுக. பின் விளக்கம் வேண்டி எழுத்தில் ஒரு கடிதம் பணிவோடு எழுதுக. பல ஐயங்கள் அக்கடிதத்தின் மறுமொழியோடு தீர்ந்துபோதலை நாம் கண்டதுண்டு. வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்துத் தாமே பெறலாம். ‘தவணைக்கு வழக்குப் போகவில்லை’ என்று சொல்லப்பட்டதன் மெய்ம்மை அங்குத் தெரியும். மரணசாதனத்தை நிறைவேற்றுபவர் இருப்புப் பட்டியலும் இறுதிக் கணக்கும் நீதிமன்றில் இடக் கடமைப்பட்டவர் ஆதலின், அவற்றையும் பார்த்தல் வேண்டும்.

நம்பிக்கை முற்றும் அற்றுவிடின் சட்டத்தரணியை மாற்றலாம். ஆனால் நீதிமன்றின் அனுமதி பெற்றே முன்னவரது நியமனத்தை நீக்கல் வேண்டும். அதனைச் செய்யாது புதியவரை மன்றில் நிறுத்தி அல்லற்பட்டோர் உளர். சிறிய ஊரொன்றில் தம்மோடு நாளும் ஒரே மண்டபத்தில் அமரும் ஒருவருக்கெதிராக மற்றொருவர் நிற்கத் தயங்குவது இயல்பு. அதனை இன்னொரு சதியென எண்ணாது, வேறு மாவட்டத்துச் சட்டத்தரணி ஒருவரை நாடுதல் நன்று. அந்தக் கோவையை அவர்முன் வைத்தால், கதை சொல்ல வேண்டியதும் குறையும், கொடுக்க வேண்டிய கட்டணமும் ஓரளவு குறையும்.