குடும்பப் படம் எடுக்க 60,000 ரூபாய்க்கு ஒரு குட்டி கேமரா: வாங்கலாமா?

போன மாசம் எங்க ஆபீஸ் ஜூனியர் ஒருத்தர் டீ டைம்ல பக்கத்துல வந்து நின்னார். வீட்டுல குழந்தை பிறந்து ரெண்டு மாசம் ஆகுது. "சார், ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா பார்த்து வெச்சிருக்கேன். அறுபதாயிரம். நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் அஞ்சாயிரம்தான். எடுத்துடலாமா?"

சேனலைத் தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு என் பதில் என்னவா இருக்கும்னு தெரியும். கையில போன் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு? அந்த அறுபதாயிரத்தை எஸ்ஐபில போட்டா இருபது வருஷத்துல எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்கும் போட்டுக் காட்டியிருக்கலாம். ஆனா போடலை. அந்தக் கணக்கை வெச்சு எதையுமே வாங்க வேண்டாம்னு நிரூபிச்சுடலாம், கல்யாணச் சாப்பாடு உட்பட.

நான் தயங்கினதுக்கு வேற காரணம் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி எங்கப்பா தவறினப்போ, மாலை போட்டு வைக்க ஒரு படம் தேவைப்பட்டுது. அவர் நல்லா சிரிச்ச முகமா இருந்த ஒரே படம் தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துல எடுத்த குரூப் போட்டோ. அது எங்ககிட்ட வாட்ஸ்அப்ல வந்த காப்பியா மட்டும்தான் இருந்தது. ஸ்டூடியோக்காரத் தம்பி பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, "சார், முகம் உடைஞ்சு போகுது, ஒரிஜினல் இருக்கா?"ன்னு கேட்டார். ஒரிஜினல் எடுத்த போன் எப்பவோ எக்ஸ்சேஞ்ச்ல போயாச்சு. கடைசியில ஆதார் மாதிரி முறைச்சுப் பார்க்கற ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்தான் ஃப்ரேம்ல ஏறுச்சு.

அதே சமயம் எங்க வீட்டு பீரோவுல, 2015ல நான் ஆசைப்பட்டு வாங்கின டிஎஸ்எல்ஆர் தூங்கிட்டிருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு அதை எடுத்துட்டே போகலை. பை கனமா இருக்குன்னு.

அதனால ஜூனியர்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி மெகாபிக்சல் பத்தி இல்லை. "இது வருஷத்துக்கு எத்தனை தடவை வீட்டை விட்டு வெளியே வரும்?"

நீங்களும் இதைக் கணக்காவே போட்டுப் பாருங்க. கேமரா 60,000. அஞ்சு வருஷம் கழிச்சு 20,000க்கு வித்துடலாம்னு வெச்சுப்போம். ஆக நிஜச் செலவு 40,000, வருஷத்துக்கு 8,000. பிறந்தநாள், தீபாவளி, ஒரு டூர், ஒரு கல்யாணம்னு நாலு தடவை மட்டும் வெளியே எடுத்தா, தடவைக்கு 2,000 ரூபாய். அந்தக் காசுக்கு ஆளைக் கூப்பிட்டே எடுக்கலாமான்னு தோணும். அதுவே வருஷத்துக்கு நாப்பது தடவை எடுத்தா 200 ரூபாய்தான் ஆகுது. கேமரா அதேதான். விலை மலிவா இல்லையான்னு உங்க பழக்கம்தான் முடிவு பண்ணுது. எனக்கு டிஎஸ்எல்ஆர் நஷ்டக் கணக்கு ஆனதும் இப்படித்தான். சட்டைப் பையில இல்ல சின்ன ஸ்லிங் பேக்ல அடங்கற கேமராவுக்கு இந்த ஒரு விஷயத்துல நிச்சயமா அதிக மார்க்.

உங்க பழக்கம் என்னன்னு உங்களுக்கே தெரியலைன்னா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் யாரோடதாவது கடன் வாங்கிப் பாருங்க. சென்னை, பெங்களூரு, கோவை மாதிரி ஊர்கள்ல கேமரா வாடகைக்கும் கிடைக்கும். ஒரு வீக்எண்ட் எடுத்துப் பார்த்தாலே பாதி தெளிவு வந்துடும்.

இப்போ அந்த நோ காஸ்ட் இஎம்ஐ. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு வங்கிகளுக்குத் தெளிவா சொல்லிடுச்சு. அப்போ இது எப்படி நடக்குது? கார்டு வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னு வெச்சுக்கோங்க. 12 மாசம், மாசம் 5,000. வங்கி கணக்குப்படி உங்க கடன் தொகை சுமார் 55,400தான், மீதி 4,600 வட்டி. அந்த 4,600ஐ கடைக்காரரோ கம்பெனியோ முன்கூட்டியே தள்ளுபடியா கொடுத்துடறாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 828 ரூபாய், உங்க ஸ்டேட்மென்ட்லதான் ஏறும். பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா 235. மொத்தம் 1,063.

ஆயிரம் ரூபாய் பெரிய விஷயமான்னு கேட்டா, இல்லை. அதுக்காக நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். என் பயம் வேற: "மாசம் அஞ்சாயிரம்தானே"ன்னு ஆரம்பிச்சவங்க, "ஆறாயிரத்து ஐநூறு கட்டினா மேல் மாடல் வருதே"ன்னு போயிடறாங்க. மொத்தப் பணம் கொடுத்தா தள்ளுபடி உண்டான்னு கடைக்காரர்கிட்ட கேட்கவும் மறந்துடறாங்க. முழுத் தொகையும் சேமிப்புக் கணக்குல இருக்கறப்போ இஎம்ஐ போட்டா அது வசதி. இல்லாதப்போ போட்டா அது கடன். கார்டு பில்லுல மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு இருக்கறவங்க இந்தக் கட்டுரையை இதோட மூடிட்டு அதை முதல்ல அடைங்க.

சரி, வாங்கறதா முடிவு பண்ணியாச்சு. எதை?

கடையில முதல்ல காட்டறது மெகாபிக்சலும் ஜூமும். ரெண்டையும் ஓரமா வைங்க. 4x6 பிரிண்டுக்கு 300 டிபிஐ கணக்குல பார்த்தா 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல போதும். ஏ4 அளவு பிரிண்டுக்கே 9 மெகாபிக்சல் போதும். இன்னிக்கு விக்கற எந்தக் கேமராவும் அதைத் தாண்டியாச்சு.

பார்க்க வேண்டியது சென்சார் அளவு. மலிவான காம்பேக்ட் கேமராக்கள்ல இருக்கறது 1/2.3 இன்ச் சென்சார். அதோட பரப்பளவு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். விலை கூடின போன்கள்ல மெயின் கேமராவோட சென்சார் இப்போ 1/1.3 இன்ச் வரை வந்துடுச்சு, சுமார் 70 சதுர மில்லிமீட்டர். புரியுதா? நல்ல போன் வெச்சிருக்கறவர் மலிவான காம்பேக்ட் வாங்கினா, காசு கொடுத்துக் கீழே இறங்கறார். பகல் வெளிச்சத்துல தூரத்து மயிலைப் பிடிக்க அந்த ஜூம் உதவும். டியூப் லைட் வெளிச்சத்துல தவழற குழந்தைக்கு உதவாது.

அதனால என் குறைந்தபட்சக் கோடு 1 இன்ச் சென்சார். (பேர்தான் ஒரு இன்ச். அளந்தா 13.2 x 8.8 மி.மீ.தான் இருக்கும். பழைய டிவி கேமராக் குழாய் காலத்துப் பேரை இன்னமும் ஓட்டறாங்க.) பரப்பளவு 116 சதுர மில்லிமீட்டர், மலிவு காம்பேக்டைப் போல நாலு மடங்கு. அதுக்குக் கீழே உள்ளதுன்னா போனே போதும், காசை மிச்சம் பண்ணுங்க.

அடுத்தது லென்ஸோட எஃப் எண். கேனான் இக்ஸஸ் 185ல எஃப்/3.2ல ஆரம்பிச்சு, ஜூம் பண்ணினா 6.9 ஆயிடும். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3ல 1.8ல ஆரம்பிச்சு, முழு ஜூம்லயும் 2.8தான். 6.9க்கும் 2.8க்கும் உள்ள வித்தியாசம், உள்ளே வர்ற வெளிச்சம் ஆறு மடங்கு. வீட்டுக்குள்ள எடுக்கற குடும்பப் படத்துக்கு இந்த ஆறு மடங்குக்குத்தான் நீங்க காசு கொடுக்கறீங்க. போன் இருட்டுல பல படங்களை எடுத்து ஒண்ணா சேர்த்துத்தான் அந்த வெளிச்சத்தைக் கொண்டு வருது. தாத்தா நாற்காலியில அசையாம உட்கார்ந்திருந்தா அருமையா வரும். பேத்தி கையை ஆட்டினா கை மட்டும் புகையாயிடும்.

மாடல்களைப் பத்தி ரெண்டு வார்த்தை. இந்த ஜி7 எக்ஸ் மார்க் 3க்கு இளைஞர்கள்கிட்ட இப்போ பெரிய மவுசு; ஆனா அதோட ஃபோகஸ் முறை கான்ட்ராஸ்ட் அடிப்படையிலானது, ஓடற குழந்தையைத் துரத்தறதுல திணறும். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 அந்த விஷயத்துல கெட்டி, 24லேர்ந்து 200 மி.மீ. வரை ஜூமும் உண்டு. பதிலுக்கு லென்ஸ் 2.8லதான் ஆரம்பிக்குது, விலையும் கை கடிக்கும். சோனி இசட்வி-1 நல்லாதான் இருக்கும், ஆனா அது வ்ளாக் எடுக்கறவங்களுக்காக செஞ்சது. உள்ளேயே ஃப்ளாஷ் கிடையாது. ஃபியூஜி எக்ஸ்100 வரிசையும் ரிக்கோ ஜிஆர் வரிசையும் இன்னும் பெரிய சென்சார், படம் பிரமாதமா வரும். ஆனா ஜூமே இல்லை. மேடையில ஆடற பொண்ணை ஏழாவது வரிசையில உட்கார்ந்து எடுக்கணும்னா என்ன பண்ணுவீங்க?

2010 வாக்குல வந்த பழைய சிசிடி கேமராவை ஆன்லைன்ல தேடி வாங்கறதும் ஒரு ஃபேஷனா ஓடுது. அந்த ஃப்ளாஷ் லுக்குக்காக ஆசைப்பட்டா வாங்கிக்கோங்க, தப்பில்லை. ஆனா முதல்ல கார்டு போடற இடத்தைப் பாருங்க. சில பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் எக்ஸ்டி கார்டு மட்டும்தான் எடுத்துக்கும். அது இப்போ கடையில கிடைக்கறது கஷ்டம். கேமரா விலையை விட கார்டுக்கு அலையற செலவு கூடிடும்.

இனி என் தொழில் சம்பந்தமான பகுதி. டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் (2018 முடியற வரை 28 இருந்தது). 60,000ல சுமார் 9,150 வரி. "மாமாவோட கடை ஜிஎஸ்டி நம்பர்ல பில் போட்டு கிரெடிட் எடுத்துக்கலாமா?"ன்னு கண்டிப்பா ஒருத்தர் கேட்பீங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்கற பொருளுக்கு 17(5) பிரிவு கிரெடிட்டைத் தடுக்குது. மாட்டினா வரியோட வட்டியும் சேர்த்து மாமா கட்டணும். அப்புறம் தீபாவளிக்கு யாரைப் படம் எடுப்பீங்க?

பில் இல்லாம பத்து சதவீதம் குறைச்சுத் தர்றேன்னு சொல்றவங்க உண்டு. பர்மா பஜார் காலத்துலேர்ந்தே நமக்குப் பழக்கமான பேரம்தான். இந்தக் கேமராக்கள்ல மட்டும் அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். காம்பேக்ட்ல லென்ஸ் உள்ளே வெளியே போய்ட்டு வர்ற மாதிரி இருக்கும். ஒரு தடவை மெரினா மணல் உள்ளே போனாலே லென்ஸ் எரர்னு நின்னுடும். லென்ஸைக் கழட்டி மாத்தவும் முடியாது. இந்திய வாரண்டி கார்டு, சீரியல் நம்பர் போட்ட பில், ரெண்டும் கையில இருக்கட்டும். வெளிநாட்டுல இருக்கற அண்ணன் கொண்டு வந்தாலும் அந்த வாரண்டி இங்க செல்லுமா, கஸ்டம்ஸ் வரம்புக்குள்ள வருதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. செகண்ட் ஹேண்டா வாங்கினா லென்ஸை பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்க. டார்ச் அடிச்சு உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க. என் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் அப்படித்தான் போச்சு, சென்னைக் காத்துல பீரோவே எமன்.

பட்ஜெட்ல இன்னொரு மூவாயிரம், நாலாயிரம் தனியா ஒதுக்குங்க. இந்தக் குட்டி கேமராக்கள்ல ஒரு சார்ஜுக்கு சுமார் 250 படம்தான் வரும், அதனால ஒரு ஸ்பேர் பேட்டரி. நம்பகமான கடையில ஒரு 64 ஜிபி கார்டு. காத்துப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். மறக்காம பிரிண்டுக்கும் கொஞ்சம்.

படம் எடுத்தாச்சு, அது எங்க இருக்கும்? இதைத்தான் யாரும் கணக்குல சேர்க்கறதே இல்லை. கூகுள் ஃபோட்டோஸ்ல வரம்பில்லாம இலவசமா வைக்கற வசதி 2021 ஜூன் 1ஓட முடிஞ்சுது. இலவசம் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலோட பங்கு போட்டுக்கணும். ஒரு படம் 7 எம்பின்னா சுமார் 2,100 படத்துல நிறைஞ்சுடும். ஒரு குழந்தையோட முதல் வருஷத்துக்கே பத்தாது. நான் இப்போ பண்றது: மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கார்டுலேர்ந்து ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு, அதுலேர்ந்து அம்மா வீட்டுல இருக்கற இன்னொரு டிஸ்க்குக்கு, பொறுக்கியெடுத்த படங்கள் மட்டும் கிளவுடுக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பறதா இருந்தா டாக்குமென்ட்டா அனுப்பறேன். அம்மாவுக்கு அது திறக்கத் தெரியாதுன்னு தங்கச்சி திட்டுவா, திட்டட்டும்.

ஜூனியர் விஷயம்? அவர்கிட்ட என்னோட காம்பேக்டை ஒரு மாசத்துக்குக் கொடுத்தேன். (ஆமா, அப்பா போனதுக்கப்புறம் நானும் ஒண்ணு வாங்கினேன், செகண்ட் ஹேண்ட், முழுப் பணம்.) திருப்பித் தர்றப்போ கார்டுல பதினெட்டு நாள் தேதியில படம் இருந்தது. அதுல பாதி குழந்தை இல்லை. குழந்தையைத் தூக்கி வெச்சிருக்கற அவரோட பாட்டி. இஎம்ஐ வேண்டாம்னு போனஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கார். நேத்து ஒரு மெசேஜ்: "சார், ஏ4 பிரிண்ட் எங்க போட்டீங்க?"