அணைய மறுக்கும் மடிக்கணினி

நோய் இன்னதென்று அறிய வேண்டும். அது எதனால் வந்ததென்று ஆராய வேண்டும். அதன் பிறகே மருந்தைத் தேட வேண்டும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்துக் கொடுத்த ஒழுங்கு இது. மனித உடலுக்குச் சொன்ன இவ்வொழுங்கு, இன்று மாணவர் ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் மடிக்கணினிக்கும் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கையிலேயே உறைந்து நின்றுவிடுவது ஒரு நோய். வேலை முடிந்து அணைக்கும்போது அணையாமல் சுழன்றுகொண்டே இருப்பது மற்றொரு நோய். இவ்விரண்டின் காரணத்தையும் நம் மன்றத்து நண்பர்கள் தாமே கண்டறியும் வழியைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் ஊர் அமரவிளை. களியக்காவிளையில் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்கு வரும் நெடுஞ்சாலையில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்ததே தவிர, உறவு அறுபடவில்லை. ஆதலால் எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு அரசுகளின் கணினிகளையும் காணலாம். எல்லைக்கு அப்பால் படித்தவர்களிடம், தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பெற்ற விலையில்லா மடிக்கணினி இருக்கும். அத்திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயக்க முறைமைகளும் உடனிருந்தன. எல்லைக்கு இப்பாலோ, பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸ் ஓடுகிறது. வீட்டில் உள்ள கருவி எதுவானாலும், பழையதாகிவிட்டால் வேறு வாங்கும் வசதி எல்லார்க்கும் இல்லை. கருவி நின்றால் படிப்பும் நிற்கும். இதனால்தான் இச்செய்தியை எழுதத் துணிந்தேன்.

அணைதல் எங்ஙனம் நிகழ்கிறது?

விசையைத் தட்டியவுடன் விளக்கு அணைந்துவிடுகிறது. கணினி அவ்வாறு அணைவதில்லை. நாம் ‘ஷட் டவுன்’ என்று ஏவியதும், இயக்க முறைமை முதலில் திறந்திருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக அழைத்து, ‘உன் வேலையை முடித்துக்கொள்’ என்கிறது. அடுத்து, திரைக்குப் பின்னால் ஓசையின்றி உழைக்கும் சேவைகளை நிறுத்துகிறது. அதன் பின்னர், நினைவகத்தில் இருந்தும் இன்னும் வட்டில் எழுதப்படாத செய்திகளை எழுதி முடிக்கிறது. பிறகு வைஃபை, திரை, யூ.எஸ்.பி. முதலிய உறுப்புகளை அவற்றின் டிரைவர்களைக் கொண்டு உறங்க வைக்கிறது. எல்லாம் முடிந்த பின்னரே மின்சாரம் நிறுத்தப்படுகிறது.

எங்கள் ஊரார்க்கு இதை விளக்குவது எளிது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வருவதற்கு முன்னால், அமரவிளை வணிக வரிச் சோதனைச் சாவடிக்குப் பெயர் பெற்றிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சரக்கேற்றி வரும் லாரிகள் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்கும் ஒரு லாரியின் சீட்டுச் சரியில்லையென்றால், பின்னால் நிற்பது தோவாளைப் பூவே ஆயினும் காத்திருந்து வாட வேண்டியதுதான். அணையாத கணினியின் நிலையும் இதுவே. அது எதற்காகவோ காத்திருக்கிறது. வரிசையை மறித்து நிற்கும் அந்த ஒரு வண்டி எது என்று கண்டுகொண்டால் வைத்தியத்தில் பாதி முடிந்தது.

காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. விண்டோஸ், ஐந்து நொடிகள் மறுமொழி தராத செயலியை ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று முத்திரை குத்துகிறது. சேவைகளுக்கும் அது அணையும்போது வழக்கமாகத் தரும் தவணை ஐந்து நொடிகளே. லினக்ஸ் சற்றுப் பொறுமையுடையது. பெரும்பாலான லினக்ஸ்களில் நிற்க மறுக்கும் ஒரு சேவைக்கு 90 நொடிகள் வரை தவணை உண்டு. ஆகவே லினக்ஸ் ஒன்றரை நிமிடம் தயங்கினால் அஞ்ச வேண்டா. எந்தச் சேவைக்காகக் காத்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் திரையிலேயே எழுதிக் காட்டும். அப்பெயரைக் குறித்துக்கொள்க. விண்டோஸ் புதுப்பித்தல் நடைபெறுவதாகத் திரையில் அறிவிப்பு இருந்தால், அரைமணி நேரம் ஆனாலும் கை வைக்கலாகாது.

முதற்கடமை

எந்த ஆராய்ச்சிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணினி ஓடுகின்ற வேளையில், ஆய்வேடு, குறிப்பு, படம் ஆகியவற்றைப் பென் டிரைவிலோ வேறு கணினியிலோ படியெடுத்து வைத்துவிடுக. பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கணினிகள் அணைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அது எழுதிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து ஏட்டைப் பிடுங்குவது போன்றது. வட்டில் எழுதப்படாதவை அழியும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பழுதாகலாம். நாள்தோறும் இப்படி அணைத்து வந்தால், முதலில் இல்லாத ஒரு நோயை நாமே உண்டாக்கியவர் ஆவோம். வேறு வழியே இல்லாதபோதுதான் அதைச் செய்ய வேண்டும்.

உறைந்து நின்றால்

திரை உறைந்துவிட்டதா? விசைப்பலகையில் ‘கேப்ஸ் லாக்’ விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் சிறு விளக்கு ஏறி இறங்குமாயின் கணினிக்கு உயிர் இருக்கிறது. ஒரு செயலியோ திரையோ மட்டும் சிக்கியிருக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒருங்கே அழுத்தி ‘டாஸ்க் மேனேஜர்’ பட்டியலைத் திறக்கலாம். அதில் மூன்று பத்திகளை நோக்குக. மெமரி நிரம்பி வழிந்தால், உலாவியில் நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்திருப்பது காரணமாகலாம். சி.பி.யூ. உச்சத்தில் நின்றால், எந்தச் செயலி உண்கிறது என்று பெயரோடு தெரியும். வேலை ஏதும் கொடாதபோதும் டிஸ்க் நெடுநேரம் நூறு விழுக்காட்டில் நிற்குமாயின், ஐயப்பட வேண்டியது வன்தட்டின் மீது. திரை மட்டும் கறுத்து நின்றால், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தத் திரைக்குரிய டிரைவர் மீண்டும் எழும்.

கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லையா? அப்போது சிக்கல் ஆழமானது. வெப்பம், பழுதான நினைவகச் சில்லு, தவறான டிரைவர் ஆகியவற்றுள் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். வெப்பத்தை முதலில் ஆராய்க. மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்று புகும் வழி அடைபடும். சில ஆண்டுகளில் விசிறியில் தூசி திரண்டு கம்பளம் போலாகிவிடும். மேசைமேல் வைத்து விசிறியைத் துப்புரவு செய்த அளவிலேயே உறைதல் நின்றுபோன கணினிகள் உண்டு. நினைவகத்தைச் சோதிக்க ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்னும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

அணையாது நின்றால்

இங்கே ஓர் எளிய சோதனை உண்டு. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் சிக்குகிறதா, ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தாலும் சிக்குகிறதா? இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மறுநாள் விரைந்து எழுவதற்காக, அணையும்போது தன் உள்ளத்தை அப்படியே ஒரு கோப்பாக வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினி உறங்குகிறது. ஆகவே நாம் அணைத்ததாக எண்ணும் கணினி முழுமையாக அணைவதில்லை. நேற்றுச் சிக்கிய டிரைவர் இன்றும் அதே நிலையில் எழுந்து வரக்கூடும். ரீஸ்டார்ட் அவ்வாறன்று, எல்லாவற்றையும் களைந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. ரீஸ்டார்ட் ஒழுங்காக நடந்து ஷட் டவுன் மட்டும் சிக்கினால், ஐயம் இவ்வேற்பாட்டின் மேல் விழ வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருவரிடம் விலையில்லா மடிக்கணினி இருக்கிறது. பின்னாளில் அதில் விண்டோஸ் 10 ஏற்றப்பட்டது. பக்கத்திலேயே லினக்ஸும் உண்டு. விண்டோஸில் அணைத்தால் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். லினக்ஸுக்கு வந்தாலோ, விண்டோஸ் பகுதியில் ஒரு கோப்பையும் எழுத முடியாது. பழுது பார்க்கும் கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றனர். ஆய்வேட்டின் ஐந்து இயல்களும் அதற்குள்தான் இருந்தன. நான் பார்த்தபோது, ரீஸ்டார்ட் செவ்வனே நடந்தது. இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே: விண்டோஸ் அரை உறக்கத்தில் தன் பகுதியைப் பூட்டி வைத்திருந்தது, பூட்டிய வீட்டில் எழுத லினக்ஸ் மறுத்தது. முதலில் இயல்களைப் படியெடுத்தோம். கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ சென்று, பவர் பொத்தான்கள் செய்வதைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் குறியை எடுத்தோம். வைஃபை டிரைவரையும் புதுப்பித்தோம். கணினி அன்றே அடங்கி அணைந்தது. இயல்களில் ஓர் எழுத்தும் அழியவில்லை.

ஏற்பாட்டை மாற்றாமல் ஒருமுறை சோதிக்க வேண்டுமாயின், ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுக்கலாம். அப்போது கணினி முழுமையாக அணையும்.

ரீஸ்டார்ட்டும் சிக்கினால் வேறிடத்தில் தேட வேண்டும். பென் டிரைவ், அச்சுப்பொறி, சுட்டி முதலிய வெளிக்கருவிகளைக் கழற்றிவிட்டு அணைத்துப் பார்க்கலாம். அடுத்து ‘சேஃப் மோட்’ முறையில் எழுப்பி அணைக்கலாம். அதில் நன்கு அணையுமாயின், குற்றம் ஏதோ ஒரு டிரைவரிடமோ, கணினியோடு தானே தொடங்கும் செயலியிடமோ உள்ளது. அண்மையில் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க. ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்னும் நாட்காட்டியில், எந்த நாளில் எது வீழ்ந்தது என்பது சிவப்புக் குறியோடு பதிவாகியிருக்கும். நோய் தொடங்கிய நாளையும், அன்று நாம் சேர்த்த பொருளையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும்.

வன்தட்டு

வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்னும் ஓசை கேட்டாலோ, கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கணினி உறைந்தாலோ, தட்டு தேய்ந்து வருகிறது என்று கொள்ளலாம். இந்நிலையில் சிலர் உடனே ‘செக் டிஸ்க்’ சோதனையை ஓட விடுகின்றனர். அது நெடுநேரம் தட்டைக் கறந்து, சாகும் தறுவாயில் உள்ளதைச் சாகடித்துவிடக் கூடும். முதலில் படியெடுத்தல், பிறகே சோதனை. சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் பல பழைய மடிக்கணினிகள் மீண்டும் இளமை பெறுகின்றன. புதுக் கணினியின் விலையில் அது ஒரு சிறு பகுதியே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் உறுப்புகள் இல்லாத பழைய கருவிகளுக்கு லினக்ஸ் நல்ல புகலிடம். எல்லைக்கு இப்பால் உள்ள பள்ளிப் பிள்ளைகள் அதில்தானே பயில்கின்றனர்!

நிற்க. இவ்வளவும் செய்த பின்னும் கடைக்குச் செல்ல நேரிடலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. செல்லுமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்க: கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா, ரீஸ்டார்ட் நடந்ததா, சேஃப் மோடில் அணைந்ததா, நோய் எந்த நாளில் தொடங்கியது. இந்நான்கையும் கேட்ட பழுது பார்ப்பவர் ‘எல்லாவற்றையும் அழித்துவிடலாம்’ என்று எளிதில் சொல்ல மாட்டார். சொன்னாலும், படியெடுத்த பிரதி நம் கையில் இருக்கும்.