படகுப் புகைக்குழாய்க்கு எதுக்கு ரெண்டு கிளாம்ப்?

பைக் சைலன்ஸர்ல கால் பட்டு சூடு வாங்கினவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்போம். அதே மாதிரி சூடான புகை, ஒரு பாய்மரப் படகோட டீசல் இன்ஜின்ல இருந்து ரப்பர் குழாய் வழியா வெளியே போகுதுன்னா நம்புவீங்களா? ரப்பர் எப்படி உருகாம இருக்கு?

தண்ணிதான் காரணம். இன்ஜினைக் குளிர்விச்சு முடிச்ச கடல்தண்ணி, ‘மிக்ஸிங் எல்போ’ங்கிற வளைவுல புகையோட கலக்குது. அதுக்கப்புறம் புகையும் தண்ணியும் ஒண்ணா ஹோஸ்ல ஓடி, படகோட பின்பக்கம் துப்பப்படுது.

ஒரு பிளாஸ்டிக் பை போய் கடல்தண்ணி உறிஞ்சுற வாயை அடைச்சுதுன்னு வைங்க. தண்ணி நின்னுடும், சூடு மட்டும் வரும். அதனாலதான் சாதாரண தண்ணிக் குழாய் இங்க ஆகாது. ‘எஸ்ஏஇ ஜே2006’னு அச்சடிச்ச எக்ஸாஸ்ட் ஹோஸ் வேணும். தண்ணியே இல்லாம 2 நிமிஷம் இன்ஜின் ஓடினாலும் தாங்கணும்ங்கிறது அந்தத் தரத்தோட நிபந்தனை. ரப்பருக்குள்ள துணி அடுக்கு இருக்கும். வளைக்கும்போது மடங்காம இருக்க, பல ஹோஸ்ல சுருள் கம்பியும் இருக்கும்.

மாட்டும்போது தலைவலி அந்தக் கம்பிதான். கூர்மையான கத்தியால ரப்பரைச் சுத்தி அறுங்க, கம்பி தட்டுப்பட்டா கட்டர்ல வெட்டுங்க. கையுறை கட்டாயம், வெட்டின முனை ஊசி மாதிரி குத்தும். அந்த முனை வழியா தண்ணி உள்ள ஊறினா கம்பி துருப்பிடிச்சு, ஹோஸ் உள்ளுக்குள்ளயே கெட்டுப்போகும். வெளியில பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும், அதான் மோசம். அதனால வெட்டுவாயில சீலன்ட் பூசிடுங்க.

ஹோஸோட உள்விட்டமும் குழாயோட வெளிவிட்டமும் ஒண்ணா இருக்கணும். ‘கொஞ்சம் பெருசுதான், கிளாம்ப் போட்டு இறுக்கிக்கலாம்’ங்கிற பேச்சு இங்க செல்லாது. கம்பி போட்ட ஹோஸ் அப்படிச் சுருங்காது. இறுக்கமா இருந்தா முனையைச் சுடுதண்ணில முக்கி, சோப்புத்தண்ணி தடவி, திருகித் திருகி ஏத்துங்க. ஆயில், கிரீஸ் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும்.

இப்போ கிளாம்ப். ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு, ரெண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், திருகுகள் எதிரெதிர் பக்கமா. ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஓடும்போது ஹோஸ் கழண்டா, வெளியே போகவேண்டிய கடல்தண்ணியை பம்ப் படகுக்குள்ளயே இறைக்கும். இன்ஜினே தன் படகை மூழ்கடிக்கிற கதை! கூடவே கார்பன் மோனாக்சைடு, ஆள் தூங்குற கேபின் வரை பரவும். அதுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கிளாம்ப்ல காசு மிச்சம் பிடிக்கிறவங்களை எனக்குப் புரியவே இல்லை.

இன்னொண்ணு, எல்போவுல இருந்து சைலன்ஸர் பெட்டி வரைக்கும் ஹோஸ் சரிவா இறங்கணும். நடுவுல தொங்கினா தண்ணி தேங்கும்.

மாட்டினதும் இன்ஜினை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால துடைச்சு ஈரம் இருக்கான்னு பாருங்க. சூடாகி ஆறினதும் கிளாம்பை ஒருதடவை மறுபடி இறுக்குங்க. பின்பக்கத்துல தண்ணி துப்பாம புகை மட்டும் வந்தா, முதல்ல இன்ஜினை நிறுத்துங்க, காரணத்தை அப்புறம் தேடலாம்.