தண்ணீரில் தேறிய களிமண் அமிலத்தில் தேறுமா?

உரத் தொழிலுக்கான பாஸ்பாரிக் அமிலத்தை ஒரு டன் தயாரித்தால், சுமார் 5 டன் பாஸ்போஜிப்சம் கழிவாக மிஞ்சும். அதைக் குவித்த மேட்டில் தேங்கும் நீர் கடும் அமிலம். பிஎச் அளவு 2-க்குக் கீழேகூட இறங்கும். இத்தகைய நீர் நிலத்தடிக்குப் போகாமல் தடுக்கக் களிமண் அடுக்கு போடுவது பல இடங்களில் உள்ள வழக்கம்.

எவ்வளவு கசியலாம்?

இந்தியாவில் நகரக் குப்பை நிரப்பிடங்களுக்கு 2016-ம் ஆண்டு விதிகள் ஓர் அளவுகோலை வகுத்தன: பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே 90 செ.மீ. களிமண், அதன் நீர் ஊடுருவு திறன் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சோடியம் பென்டோனைட்டை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்துத் தைத்த மெல்லிய விரிப்பு, தண்ணீரை இதைவிடப் பல மடங்கு நன்றாகவே தடுக்கும். பென்டோனைட்டின் நுண்தகடுகளுக்கு இடையே உள்ள சோடியம் நீரை இழுக்க, களிமண் உப்பி இடுக்குகளை அடைத்துவிடுவதே காரணம்.

அமிலம் கைவைப்பது இந்த உப்பலில்தான். ஹைட்ரஜன் அயனிகள் சோடியத்தை வெளியேற்றுகின்றன. களிமண்ணின் கட்டமைப்பே சிறிது சிறிதாகக் கரைந்து, அதிலிருந்து வரும் அலுமினியமும் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. தகடுகள் நெருங்க, இடுக்குகள் திறக்கின்றன.

இரண்டு சோதனைகள்

முதலாவது எளிது. உலர்த்திப் பொடித்த களிமண் 2 கிராம், 100 மி.லி. அளவுக் குழாய். பொடியை 0.1 கிராம் வீதம் தூவி, அடியில் படிய விடுவார்கள். மறுநாள் அளந்தால், நல்ல பென்டோனைட் தண்ணீரில் 24 மி.லி.க்கு மேல் உப்பியிருக்கும். அமிலத்தில் எவ்வளவு குறைகிறது என்பதே முதல் எச்சரிக்கை.

இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். களிமண் வில்லையை ரப்பர் உறையில் இறுக்கி, அழுத்தம் கொடுத்து, அமிலத்தைச் செலுத்துவார்கள். தொடக்கத்தில் வெளிவரும் திரவத்தைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. களிமண்ணில் கலந்துள்ள சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். அது தீரும்வரை முடிவு நன்றாகவே தெரியும். உள்ளே போகும் திரவமும் வெளியே வரும் திரவமும் வேதியியலில் ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை ஓட்ட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

களிமண்ணை முதலில் நனைத்தது எது என்பதும் முக்கியம். நல்ல நீரில் ஊறி உப்பிய பின் அமிலத்தைச் சந்திப்பது பெரும்பாலும் கூடுதல் காலம் தாங்கும். காய்ந்த நிலையில் நேரே அமிலம் பட்டால் சரியாக உப்ப வாய்ப்பிருக்காது. மேலிருந்து அழுத்தும் பாரம் கூடினாலும் கசிவு குறையும்.

ஆகவே, 'களிமண் தேறிவிட்டது' என்று ஓர் அறிக்கை சொன்னால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: அந்த இடத்தின் கழிவுநீரையே செலுத்தினார்களா? முதலில் எதில் நனைத்தார்கள்? எப்போது நிறுத்தினார்கள்?