உயிரணுவும் உயிரின் பண்புகளும்

உயிரணு (செல்) என்பது உயிரினங்களின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படையான மிகச் சிறிய அலகு ஆகும். ஒரு பொருள் உயிருள்ளதா, உயிரற்றதா என்பதை அறிய உயிரியலில் சில பண்புகள் கருதப்படுகின்றன. அவற்றுள் எந்த ஒன்றும் தனியே போதுமானதல்ல. அவை யாவும் ஒன்றுசேர்ந்து காணப்படும் மிகச் சிறிய இடம் உயிரணுவே.

உயிரின் பண்புகள்

வளர்சிதை மாற்றம், வளர்ச்சி, தூண்டலுக்கு ஏற்பச் செயல்படுதல், உடலின் உள்நிலையைச் சீராகப் பேணுதல், இனப்பெருக்கம், மரபுப் பண்புகளைக் கடத்துதல் ஆகியவை உயிரின் பொதுப் பண்புகள்.

உப்பளத்தில் உப்புப் படிகமும் வளர்கிறது. ஆனால் மேலே உப்புப் படிவதால்தான் அது பெரிதாகிறது. உணவைத் தன் உடற்பொருளாக மாற்றிக்கொள்வதில்லை. அகல் விளக்கின் சுடர் எண்ணெயையும் ஆக்சிசனையும் பயன்படுத்திக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. இன்னொரு திரியில் பற்றிப் பெருகவும் செய்கிறது. எனினும் அதற்கு உயிரணு அமைப்போ மரபுப்பொருளோ இல்லை. மாறாக, கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி ஈனுவதில்லை. விதைநெல் மாதக்கணக்கில் அசைவின்றிக் கிடக்கிறது. இருந்தும் இரண்டும் உயிருள்ளவை. கோவேறு கழுதையின் உடலில் உயிரணுக்கள் பிரிந்து புதியன உண்டாகின்றன. நெல்லின் முளைக்கரு மிகக் குறைந்த அளவில் சுவாசித்துக்கொண்டிருக்கிறது.

உயிரணுக் கொள்கை

1665-இல் இராபர்ட் ஊக் தக்கைத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த சிறு அறைகளுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார். அவர் கண்டவை இறந்த உயிரணுக்களின் சுவர்கள். தாவரங்கள் உயிரணுக்களால் ஆனவை என்று சிலைடன் 1838-லும், விலங்குகளும் அவ்வாறே என்று சுவான் 1839-லும் கூறினர். ஏற்கெனவே உள்ள உயிரணுவிலிருந்தே புதிய உயிரணு தோன்றுகிறது என்பதை 1855-இல் விர்ச்சோ வலியுறுத்தினார்.

ஓர் உயிரணுவே ஓர் உயிர்

குளத்து நீர் பச்சையாகத் தோன்றுவதற்குக் காரணமான நுண்பாசிகளுள் ஒன்று கிளாமிடோமோனாசு. இதன் உடல் ஒரே உயிரணு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ நூறு உயிரணுக்களை வரிசையாக வைக்கலாம். இருந்தும் உயிரின் பண்புகள் அனைத்தும் இதில் உள்ளன. பசுங்கணிகம் ஒளிச்சேர்க்கை மூலம் உணவு தயாரிக்கிறது. கண்புள்ளி ஒளியை உணர உதவுகிறது. இரண்டு கசையிழைகள் உயிரணுவை ஒளியை நோக்கி நீந்தச் செய்கின்றன. சுருங்கும் நுண்குமிழ்கள் மிகுதியான நீரை வெளியேற்றுகின்றன. உட்கருவிலுள்ள டி.என்.ஏ. மரபுச் செய்திகளைத் தாங்குகிறது. பாலிலா இனப்பெருக்கத்தின்போது தாயுயிரணு முழுவதும் சேய்களாகப் பிரிந்துவிடுகிறது. முதுமையால் இறக்கும் உடல் என்று எதுவும் எஞ்சுவதில்லை.

கூட்டு வாழ்வும் வேலைப் பங்கீடும்

கிளாமிடோமோனாசின் உறவினமான வால்வாக்சு, 500 முதல் பல ஆயிரம் உயிரணுக்கள் கொண்ட பச்சை நிற உருண்டை. இதில் வேலைகள் பிரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான உயிரணுக்கள் கசையிழைகளால் உருண்டையை நகர்த்துகின்றன. ஒரு சில மட்டுமே அடுத்த தலைமுறையை உண்டாக்குகின்றன. சேய் உருண்டைகள் வெளியேறியபின் தாய் உருண்டையின் மற்ற உயிரணுக்கள் மடிகின்றன. வேலைப் பங்கீட்டோடு உடலின் இறப்பும் இங்கே தொடங்குகிறது எனலாம்.

தென்னிந்தியாவின் இத்தகைய கூட்டுப் பாசிகளை விரிவாக ஆராய்ந்தவர் சென்னையைச் சேர்ந்த எம். ஓ. பி. அய்யங்கார் (1886–1963). சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த இவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படுகிறார். இக்கூட்டுப் பாசிகள் குறித்த இவரது ஆய்வுக்கட்டுரை 1933-இல் வெளிவந்தது. இவரும் இவரது மாணவர் டி. வி. தேசிகாச்சாரியும் எழுதிய ‘வால்வோகேல்சு’ என்னும் ஆங்கில நூல் 1981-இல் வெளியிடப்பட்டது.

மனித உடலிலும் இதே பங்கீடு காணப்படுகிறது. கருவுற்ற முட்டை என்னும் ஒரே உயிரணுவில் தொடங்கும் உடல், நரம்பு, தசை, இரத்தம் எனப் பலவகை உயிரணுக்களாகப் பிரிகிறது. இனப்பெருக்க உயிரணுக்கள் மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன.

உயிரின் எல்லையில்

வைரசுக்கு மரபுப்பொருள் உண்டு. உயிரணு அமைப்பு இல்லை. 1935-இல் வெண்டல் சிடான்லி புகையிலைத் தேமல் வைரசைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். குப்பியில் உப்பைப் போலக் கிடக்கும் அது, புகையிலை இலையின் உயிரணுவுக்குள் புகுந்தால் பெருகுகிறது. பெருகுவதற்குக் கூட மற்றோர் உயிரணு தேவைப்படுவதால், வைரசுகள் உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடைப்பட்டவையாகக் கருதப்படுகின்றன.