குடந்தைக் கல்லூரியும் தமிழ்ப் புலவர் பதவியும்

காவிரிக் கரையில் அமைந்த கும்பகோணம் அரசினர் கல்லூரியை ஒரு காலத்தில் 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று புகழ்ந்தனர். 1854இல் மாகாணப் பள்ளியாகத் தோன்றி, 1867இல் கல்லூரியாக உயர்ந்து, 1877இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நிலையம் அது. கேம்பிரிட்ஜில் கணிதம் கற்ற வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர் அதன் தலைவராக விளங்கினார். நகர மண்டபத்திற்கு அவர் பெயரையே இட்டு ஊரார் நன்றி காட்டினர்.

தமிழாசிரியர்கள் அக்கல்லூரியைப் போற்ற வேண்டிய காரணமோ வேறு. ஆங்கிலமே ஆட்சி செய்த அக்கூடத்தில் தமிழ்ப் புலவர்க்கென ஓர் இடம் இருந்தது. ஊதியத்திலும் மதிப்பிலும் சிறிய பதவிதான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான தியாகராச செட்டியார் அதனை வகித்து, இலக்கணப் புலமையால் பெயர் பெற்றார். அவர் ஓய்வுபெறுங்கால், தம் ஆசிரியரிடம் தமக்குப் பின் பயின்ற உ. வே. சாமிநாதையரையே அவ்விடத்தில் அமர்த்த விரும்பினார். ஐயரோ அப்போது திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தார். அவரைப் பிரிய மனமில்லாத சுப்பிரமணிய தேசிகரைச் செட்டியாரே இணங்கச் செய்தார். தம் பதவிக்குத் தகுந்தவரைத் தேடிச் சேர்ப்பதும் ஆசிரியத் தொண்டே என்பதை இங்குக் காணலாம்.

1880 பிப்ரவரியில், 25 வயது நிரம்பும் தறுவாயில், ஐயர் பணியேற்றார். அவ்வாண்டு அக்டோபரில், சேலம் இராமசாமி முதலியார் என்னும் மாவட்ட முன்சீப் கும்பகோணத்திற்கு மாற்றலாகி வந்திருந்தார். ஐயர் அவரைக் காணச் சென்று, தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலியவற்றை அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் கற்றதுண்டா என்றே வினவினார். சிந்தாமணிப் படி ஒன்றையும் பின்னர்க் கொடுத்து உதவினார். அது சமண நூல் ஆதலின், சைவ மரபில் பயின்ற புலவருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடமே சென்று ஐயம் தெளிந்தார். பகலில் வகுப்பு, எஞ்சிய பொழுதெல்லாம் ஏட்டுச் சுவடி. சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. அக்கல்லூரியில் பணியாற்றிய 23 ஆண்டுகளில் ஐயர் செய்த இப்பணிக்கு ஈடாக வேறெந்தக் கல்லூரித் தமிழ்ப் பதவியையும் காட்டுதல் அரிது.

அங்குக் கற்ற மற்றொருவர் மலாயாவுக்கும் வந்தார். 'வெள்ளிநாக்கு' என்று ஆங்கிலச் சொல்லாற்றலுக்காகப் புகழப்பட்ட வ. ச. சீனிவாச சாஸ்திரியாரே அவர். தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய 1936இன் இறுதியில் இந்திய அரசால் அனுப்பப்பட்டு, 1937இல் அறிக்கை அளித்தார். குறைக்கப்பட்ட கூலியைப் பழைய அளவிற்கு உயர்த்தச் சொன்ன அவ்வறிக்கை, மலாயாவில் இருந்த இந்தியத் தலைவர் பலருக்கு மனநிறைவு தரவில்லை.

ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அதற்கு மறு ஆண்டு, உதவித்தொகை பெற்ற 16 வயது மாணவர் ஒருவர் கும்பகோணத்தில் சேர்ந்தார். அவர்தாம் கணித மேதை இராமானுசன். கணிதத்திலேயே மூழ்கியதால் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார், உதவித்தொகை நின்றது, 1905இல் கல்லூரியை விட்டு அகன்றார். கணித வல்லுநர் தலைமையால் பெயர் பெற்ற கல்லூரி, கணித மேதையைக் காத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் தேறினாலன்றி மேலே செல்ல இயலாது என்பது அக்காலப் பல்கலைக்கழக விதி. ஆசிரியர்களை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. இலண்டன் ராயல் சொசைட்டி 1918இல் அவரை உறுப்பினராக்கியது.

அக்கல்லூரி இன்று தன்னாட்சி பெற்ற அரசு கலைக் கல்லூரியாகப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடைபெறுகிறது. தமிழ் அங்கே இப்போது பட்டத்திற்குரிய முதன்மைப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது.