பொனற்றின் உட்போர்வை

மோட்டார் வண்டியின் அழகைப் புகழ்வோர் அதன் உருவத்தையும் நிறத்தையும் விரைவையும் புகழ்வர். எஞ்சினை மூடி நிற்கும் தகட்டின் உட்புறத்தே ஒட்டப்பட்டுள்ள கருநிறப் போர்வையைப் புகழ்ந்தார் எவரையும் யான் கண்டிலேன். பொனற் எனப்படும் அம்மூடியைத் திறந்தாலன்றி அது கண்ணிற் படாது. திறந்தவரும் எஞ்சினைக் குனிந்து நோக்குவரேயன்றி நிமிர்ந்து மேலே நோக்கார். ஆயினும், வயது முதிர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பேணுவார்க்குத் தொல்லை தருவனவற்றுள் இப்போர்வையும் ஒன்று. அதனை மாற்றும் வேலை சிறிது. அவ்வேலையினுள் அடங்கிய வினாவோ பெரிது.

போர்வையின் தொழில் இரண்டு. முதலாவது, ஓசையை அடக்குதல். எஞ்சினில் எழும் ஒலியலைகள் தாக்குமிடத்து மெல்லிய தகடு முரசின் தோல்போல அதிரும். நுண்டுளைகள் நிறைந்த மென்பொருள் ஒன்று இடையே நிற்பின், அலைகள் அத்துளைகளினுட் புகுந்து, காற்று துளைச் சுவரோடு உராய்தலால் வலியிழந்து, சிறிதளவு வெப்பமாக மாறி ஒழியும். இரண்டாவது, வெம்மையைத் தடுத்தல். எஞ்சினிலிருந்து மேலெழும் சூடு இடைவிடாது தாக்கின் தகட்டின் மேற்பூச்சு நாளடைவிற் கெடும். போர்வை அதனைத் தான் ஏற்றுக் காக்கின்றது.

எடுத்துக்காட்டாக, மெர்சிடீஸ் பென்ஸ் நிறுவனத்தாரின் எஸ்.எல். வரிசையில் ஆர் 107 என்னுங் குறியீடு பெற்ற காரினைக் கொள்வோம். ஜேர்மனியின் சிண்டெல்பிங்கன் தொழிற்சாலையில் 1971 முதல் 1989 வரை இவ்வகை வண்டிகள் 237,000இற்கு மேற்பட்டன செய்யப்பட்டன. அவற்றின் பொனற்றில் ஒட்டப்பட்டது பொலியூரதேன் நுரை. பொலியூரதேன் என்னும் பொருளை ஒட்டோ பேயர் என்னும் இரசாயன அறிஞரும் அவர்தந் துணைவரும் 1937இல் லெவர்குசன் நகரிற் கண்டறிந்தனர். இலேசானது, மெத்தென்றது, வேண்டிய வடிவிற் வார்க்கத்தக்கது எனப் பல நலங்கள் அதற்குண்டு. நெடுங்காலம் நிலைத்தல் என்னும் நலம் மாத்திரம் இல்லை. அந்நுரையில் ஒருவகையைக் காற்றிலுள்ள ஈரம் சிதைக்கும். மற்றொரு வகையை ஒட்சிசனும் ஒளியும் சிதைக்கும். சூடு சேரின் சிதைவு விரையும். ஓடாது கொட்டகையில் நிற்கும் வண்டியிலும் இது நிகழ்தல் கருதத்தக்கது. அருங்காட்சியகங்களிற் பூட்டி வைக்கப்பட்ட நுரைப் பொருள்களும் இவ்வாறே பொடியாகின்றன.

ஸ்ருட்கார்ட் நகருக்கு அண்மையில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் இவ்வகைக் கார் ஒன்றுண்டு. யான் அவரில்லத்திற் சிலநாள் தங்கியிருந்தபோது, "ஐயா, இதை ஒருக்காற் பாருங்கோ" என்று பொனற்றைத் திறந்து காட்டினார். எஞ்சின் முழுவதிலும் கரிய துகள் படிந்திருந்தது. போர்வையின் நடுப்பகுதி கழன்று, கிழிந்த துணிபோலத் தொங்கியது. அவருடைய நண்பர் ஒருவர், அது தொழிற்சாலையில் ஒட்டியதாதலின் தொடலாகாது, தொட்டால் வண்டியின் பழமை போய்விடும் என்றாராம். வேறொருவர், உரித்தெறிந்துவிட்டு வெறுந்தகட்டோடு ஓட்டினால் என்ன என்றாராம். இரண்டிற்கும் நடுவே மாணாக்கர் ஓராண்டு தயங்கியிருந்தார்.

முதலாமவர் சொற்படி நடப்பின் வண்டிக்கே இடர். தொங்கும் நுரை, சூடேறிய புகைக்குழாயின்மீது வீழின் கருகித் தீப்பற்றவுங் கூடும். உதிரும் துகள் காற்றுப் புகும் வாயில்களிற் சேரவுங் கூடும். இரண்டாமவர் சொற்படி நடப்பின் ஓசை மிகும், மேற்பூச்சுக்குக் காவலும் இராது. ஆதலின் மாற்றுவதே துணிபாயிற்று. அவ்வேலையை யான் அருகிருந்து கண்டேன்.

எஞ்சின் நன்கு ஆறியபின், பற்றரியின் மறைமுனைக் கம்பியை முதலிற் கழற்றினார். காற்றுப் புகும் வாயில்களை அடைத்து, எஞ்சினையும் மட்காட்டுகளையும் பழந்துணிகளால் மூடினார். கண்ணுக்கும் மூக்கிற்கும் கைக்கும் காப்பு அணிந்துகொண்டார். இதனை மிகையென்று எண்ணலாகாது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றின் உட்போர்வையில் அஸ்பெஸ்ரஸ் என்னும் கல்நார் கலந்திருத்தலுண்டு. அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது. ஜேர்மனி 1993இல் அதனைத் தடை செய்தது. போர்வை எப்பொருளாலாயது என்பதில் ஐயமுளதாயின், ஆய்வு செய்வித்த பின்னரே அதிற் கைவைத்தல் வேண்டும்.

நுரை எளிதில் உதிர்ந்தது; பசை அசையவில்லை. உருக்கு அலகாற் சுரண்டின் பூச்சு கீறுண்டு, அக்கீறலின் வழியே துரு நுழையும். ஆதலால் அவர் பிளாஸ்ரிக் அலகையே கொண்டார். பசையைக் கரைக்கும் திரவத்தை ஒரு மூலையிற் சிறிது தடவி, பூச்சினை அது தீண்டவில்லை என்று தெளிந்த பின்னரே பிறவிடங்களிற் பயன்படுத்தினார். கொட்டகையின் கதவுகள் அகலத் திறந்திருந்தன. அயலில் நெருப்பென்பதே இல்லை. பழையதை நீக்க இரண்டு நாட் சென்றன. புதியதை ஒட்ட ஒருமணி நேரமும் ஆகவில்லை. இவ்வேலையின் அருமை ஒட்டுதலில் இல்லை, துடைத்தலிலேயே உளது என்பதை அங்கே கண்டேன்.

புதிய போர்வையைப் பசையின்றி முதலிற் பொருத்திப் பார்த்தார். தடிப்பு மிகுந்தால் அது எஞ்சினின் உறுப்புகளைத் தொடும். அதனை அறிதற்கு ஓர் எளிய வழியைக் கையாண்டார். எஞ்சினின் உயர்ந்த இடங்களிற் களிமண் உருண்டைகளை வைத்து, பொனற்றை மெல்ல மூடித் திறந்து, நசுங்கிய உருண்டையின் உயரத்தை அளந்தார். நீர் வடியுந் துளைகள் மறைபடாமையையும் நோக்கினார். பின்னர், சூடு தாங்கும் பசையைத் தகட்டிலும் போர்வையிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவிற்கு உலரவிட்டார். இவ்வகைப் பசை பட்டவிடத்தே பற்றிக்கொள்ளும். இழுத்துத் திருத்த இடந்தராது. ஆகவே அவர் மனைவியார் ஒருபுறம் பிடிக்க, இருவருமாக நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி ஒட்டினர்.

இனி, பழமை போயிற்றா என்னும் வினாவிற்கு வருவோம். பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரின் பன்னாட்டுச் சம்மேளனம் 1966இல் நிறுவப்பட்டது. அச்சம்மேளனம் ஏற்றுள்ள துரின் சாசனம், திருத்த வேலையின் படிகளைப் பதிவு செய்து வைக்குமாறு கூறுகின்றது. நினைவுச் சின்னங்களைப் பேணுதல் பற்றி 1964இல் எழுந்த வெனிஸ் சாசனமும் பதிவினை வற்புறுத்துவதே. மாற்றத்தை முற்றாக விலக்குதல் இயலாதென்பதையும், மாற்றத்தை மறைத்தல் தகாதென்பதையும் இவற்றால் அறிகின்றோம்.

தமிழ் கற்றார்க்கு இது புதிய நெறியன்று. செல்லரித்த ஓலையிலிருந்து புதிய ஓலைக்கு நூலைப் பெயர்த்தெழுதினர் நம்முன்னோர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் நூலை ஓலையினின்று தாளுக்குப் பெயர்த்தார். ஓலை மாறியது, நூல் வாழ்ந்தது. பெயர்த்தெழுதுவோன் தன் சொல்லை இடையே புகுத்தாதிருத்தலே அத்தொழிலின் அறம். கடைக்காரர் பளபளக்கும் வெள்ளிநிறத் தாளொன்றைக் காட்டி, பார்வைக்கு இதுவே நன்று என்றபோது என் மாணாக்கர் அதனை மறுத்து, முன்னிருந்த நிறத்திலும் வடிவிலும் தடிப்பிலுமே கேட்டு வாங்கினார். அவரும் அவ்வறத்தையே காத்தாரென்பேன்.

வேலை முடிந்தபின், முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு, மாற்றிய நாளையும் பொருளையும் பசையின் வகையையும் வண்டியின் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பழைய போர்வையில் உதிராது எஞ்சிய ஒரு துண்டினைக் கண்ணாடிச் சிமிழிலிட்டு மூடி வைத்தார். புதிய போர்வையும் ஒருநாள் பொடியாகும். அந்நாளில் அப்பொனற்றைத் திறப்பவர் யாராயினும், முன்னர் இருந்தது யாது, பின்னர் வந்தது யாது என்பதை ஐயமின்றி அறிவர்.